வாடிக்கையாளர்களுக்கு மட்டும்

பிப்ரவரி 11

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் எண்ணை என் ஃபோனில் அடைத்து வைத்திருக்கிறேன், அது அப்படியே இருக்கட்டும். ஃபோனில் பேசினால் பாதியில் "மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் இரண்டு வரியாவது படித்துவிட்டுத்தானே கிழிக்க வேண்டும்.

போன முறை நான் பேச்சை எடுத்ததும் "சீ, அசிங்கமா பேசாதக்கா" என்றாய். அந்த அசிங்கத்தைத்தான் இப்போது விவரமாக எழுதப் போகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு வந்து படி.

நீ தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து படத்தில் பார்க்கிற வணிக வளாகத்தை நான் தினமும் நின்றுகொண்டு பார்க்கிறேன். எங்கள் கடை முதல் மாடியில், கண்ணாடிச் சுவரை ஒட்டி. துண்டும் படுக்கை விரிப்பும் விற்கிறோம். அங்கிருந்து பார்த்தால் ஊரின் மையம் முழுக்கத் தெரியும். எதிரே மணிக்கூண்டு. நான்கு முகமும் நான்கு நேரம் காட்டும், நமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் நீதிமன்றம், இடப்பக்கம் நூலகம், கொஞ்சம் தள்ளி வண்டி நிறுத்துமிடமாகிவிட்ட பழைய திரையரங்கு. ஒரு காலத்தில் வளாகத்துக்கு வழி கேட்டால் மணிக்கூண்டைச் சொன்னார்கள். இப்போது மணிக்கூண்டுக்கு வழி கேட்டால் வளாகத்தைச் சொல்கிறார்கள். மணிக்கூண்டுக்குப் பின்னால் இன்னொரு கட்டடம் இருக்கிறது, அதை மட்டும் யாரும் அடையாளமாகச் சொல்வதில்லை. பொதுக் கழிப்பறை. எங்களுக்கு இந்த ஊரிலேயே அதுதான் பெரிய அடையாளம்.

ஏன் என்று உனக்குத் தெரியாதா? வளாகத்தின் எல்லாக் கழிப்பறைக் கதவிலும் பலகை மாட்டிவிட்டார்கள். "வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பணியாளர்கள் பயன்படுத்தக் கூடாது." பணியாளர் வாசலில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையின் அடியில் இருக்கிற கையெழுத்தை ஆயிரம் கையெழுத்துக்கு நடுவிலும் நான் கண்டுபிடிப்பேன். கடைசி எழுத்துக்கு வால் வைக்கிற பழக்கம் உன்னைவிட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து நாங்கள் சாலையைக் கடந்து மணிக்கூண்டுக்குப் பின்னால் ஓடுகிறோம். சாப்பாட்டு இடைவேளையில் பாதி அதற்கே போய்விடுகிறது. இருந்தாலும் போய்வர ஓர் இடம் இருந்தது.

இப்போது அதையும் இடிக்கப் போகிறார்களாம், அந்த இடத்தில் நீரூற்று வரப்போகிறதாம், அதுவும் உன் திட்டம்தானாம். எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டுக்கொண்டது உனக்குத் தெரியும். மூன்றாவது முறை வந்தால் சிறுநீரகம் வரைக்கும் போகும் என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொன்னாள்.

நான் கேட்பது ஒன்றுதான். பலகையை எடு. இல்லையென்றால் கழிப்பறையை இடிக்காதே. இரண்டில் ஒன்று செய்.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத நேரமில்லை, மன்னித்துக்கொள்.

நீ நினைப்பது போல நான் யாரையும் வதைப்பதற்காகக் கையெழுத்துப் போடவில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து தொடர்ந்து புகார் வந்தது. பணியாளர்கள் கை கழுவும் தொட்டியில் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிறார்கள், கண்ணாடி முன்னால் கும்பலாக நின்று தலை வாருகிறார்கள் என்று. பணியாளர்களுக்கென்று இரண்டாம் அடித்தளத்தில் தனிக் கழிப்பறை இருக்கிறது. கட்டட வரைபடம் என் மேஜையில் விரித்தபடி இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாயோடு. அதை விட்டுவிட்டு நீங்கள் ஏன் சாலையைக் கடந்து போகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பொதுக் கழிப்பறை விஷயம். அக்கா, அந்த இடத்தின் நாற்றம் உனக்குப் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. நாம் சின்ன வயதில் இருந்த வரிசை வீட்டை மறந்துவிட்டாயா? எட்டு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியோடு வரிசையில் நின்றது எனக்கு இன்றும் கனவில் வருகிறது. எழுந்து உட்கார்ந்து கையை மோந்து பார்ப்பேன். ஒருநாள் அப்படிப்பட்ட ஒன்றையாவது இடித்துவிட்டு அந்த இடத்தில் சுத்தமாக ஏதாவது வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். நகராட்சி அந்தச் சதுக்கம் முழுவதையும் எங்கள் பராமரிப்பில் விட்டிருக்கிறது. மணிக்கூண்டுக்கு வண்ணம் பூசி, கடிகாரத்தை ஓடவைத்து, கல் பாவி, நீரூற்று வைக்கிறோம். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள். இதில் உனக்கு என்ன அருவருப்பு என்று தெரியவில்லை.

ஏப்ரலில் திறப்பு விழா. அம்மாவை முன்வரிசையில் உட்காரவைக்க ஆசைப்படுகிறேன்.

நீ என் அக்கா என்பதை மட்டும் அங்கே யாரிடமும் சொல்லாதே. நீ எனக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தவள் என்று நாம் சொன்னால் நம்பமாட்டார்கள், சிபாரிசு என்று பேசுவார்கள். காரணம் அவ்வளவுதான். ஃபோனைத் திறந்து வை.

உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். உன் மேஜையில் விரித்திருக்கிற கக்கூஸில் போய் இருக்க முடியுமா என்று பார்த்துச் சொல்.

உன் கடிதம் வந்த மறுநாளே இரண்டாம் அடித்தளத்துக்குப் போனேன். இத்தனை நாள் நாங்கள் யாரும் போகாததற்குக் காரணம், அங்கே அப்படி ஒன்று இருக்கிறது என்று எங்களிடம் யாரும் சொல்லவே இல்லை. பெண்கள் படம் போட்ட கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினால் உள்ளிருந்து ஒரு கை என் மேல் விழுந்தது. அலறிவிட்டேன். துணிக்கடைப் பொம்மையின் கை. உள்ளே கூரை வரைக்கும் பொம்மைகள். தலையில்லாதவை, இடுப்புக்குக் கீழே இல்லாதவை, வழுக்கைத் தலை மட்டும் ஒரு மூட்டை. பீங்கான் மேல் ஒரு பொம்மை சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. இந்த வளாகத்தில் வேலை செய்கிறவர்களில் அதற்கு மட்டும்தான் அந்த வசதி கிடைத்திருக்கிறது. தண்ணீர்க் குழாயும் இருக்கிறது, நீ சொன்னது பொய்யில்லை. திருகினால் காற்று வருகிறது. எலிப் புழுக்கையும் செத்த எலியும் சேர்ந்து அடித்த நாற்றத்தில் மேலே வந்து வாந்தி எடுத்தேன். அதையும் குப்பை வாளியில்தான் எடுத்தேன், தொட்டி வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.

எங்கள் மாடி மேற்பார்வையாளரிடம் சொன்னேன். ஆளைக் கூப்பிட வாயைத் திறக்காமல் விசில் ஊதுவான், அதனால் அவனுக்கு விசில் என்றுதான் பெயர். "இருபது வருஷமா அது ஸ்டோர் ரூம்மா. உனக்கு யாரு அதைக் கக்கூஸ்னு சொன்னது?" என்றான். தலைமை அலுவலகத்தில் என் தம்பி சொன்னான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

இனி நாங்கள் செய்த வேலையைக் கேள். ஒரு வாடிக்கையாளர் அம்மாள் மறந்துவிட்டுப் போன சாம்பல் நிறக் கோட்டு ஒன்று எங்கள் கடையில் இருந்தது, முழங்கால் வரைக்கும் நீளம். அதை மாடி முழுவதற்கும் பொதுவாக வைத்திருந்தோம். அவசரம் என்றால் சீருடைக்கு மேல் அதை மாட்டி, கையில் ஒரு காகிதப் பையைப் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர் போல நடந்து போவது. குட்டையாக இருப்பவளுக்குக் கணுக்கால் வரைக்கும் வரும், குண்டாக இருப்பவளுக்குப் பொத்தான் எட்டாது. போன வாரம் கழிப்பறைக் காவலாளி எங்களில் ஒருத்தியை நிறுத்தி, "இந்தக் கோட்டுக்கு உடம்பு சரியில்லையா? காலையிலேர்ந்து வந்துக்கிட்டே இருக்கே" என்றானாம். எல்லோரும் சிரித்தோம். சிரிக்கவும் பயமாக இருந்தது, அடக்கி வைத்திருக்கிறவர்கள் ரொம்பச் சிரிக்கக் கூடாது. மறுநாள் கோட்டைப் பறித்துக்கொண்டார்கள்.

இப்போது பெரும்பாலானவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். காலையில் ஒரு மடக்கு, வீட்டுக்குப் போய் மிச்சம். பக்கத்துச் செருப்புக் கடைக்காரி, "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாதும்பாங்க. நான் ரெண்டையும் அடக்கிப் பழகிட்டேன்க்கா" என்பாள். அவள் நேற்று காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். சிறுநீரில் ரத்தம்.

எனக்கு என்ன அருவருப்பு என்று கேட்டாயே, இதுதான். உன் மூக்குக்கு நாற்றம் வரக் கூடாது என்பதற்காக எங்கள் வயிற்றை நிறுத்திவைக்கிறாய். எட்டு வீட்டுக்கு ஒன்று என்று அழுகிறாயே, அங்கே ஒன்றாவது இருந்தது.

அக்கா


மார்ச் 6

அக்காவுக்கு,

படித்தேன். பொம்மை விஷயம் எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

அடுத்த வாரம் ஆய்வுக்கு நானே வருகிறேன். அடித்தளத்தை என் கண்ணால் பார்த்துவிட்டு அங்கேயே உத்தரவு போடுகிறேன். கழிப்பறையை இடிப்பதையும் அதுவரை தள்ளி வைக்கச் சொல்லிப் பார்க்கிறேன். கூட மேலாளரும் மற்றவர்களும் இருப்பார்கள், அதனால் என்னிடம் நீ பேச வேண்டாம். நானும் பேசமாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வர முடியுமா என்று தெரியவில்லை. அம்மாவிடம் நான் வருவதைச் சொல்லாதே.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

பேசமாட்டேன் என்று எழுதியிருந்தாய். பேசிவிட்டாயே.

அன்றைக்கு எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்திருந்தது. நிற்க முடியாமல் துண்டு வந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துப் பரிவாரத்தோடு உள்ளே வந்தாய். நான் எழுந்திருப்பதற்குள், "நீங்க ஏன் உக்காந்திருக்கீங்க? கஸ்டமர் வர்ற நேரத்துல உக்காரலாமா?" என்றாய். நீங்க! பேசக் கற்றதிலிருந்து என்னை நீ என்றும் போடி என்றும் சொன்ன வாய். என் முடியைப் பிடித்து இழுத்தபோதுகூட மரியாதை கொடுக்காதவன் அன்றைக்கு மரியாதை கொடுத்தாய். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு குமட்டியிருக்காது.

பிறகு ஒரு துண்டைத் தடவிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாய். கூட வந்தவர்கள் எல்லோரும் அதே துண்டைத் தடவினார்கள். நீ போன கையோடு விசில் எனக்கு எச்சரிக்கைச் சீட்டுக் கொடுத்தான். உட்கார்ந்த குற்றம்.

சரி, அடித்தளத்தையாவது பார்த்தாயா என்று பார்த்தால் அதுவும் இல்லை. மின்தூக்கியில் இருக்கும் பெண் சொன்னாள். நீ கீழே போகும் பொத்தானை அழுத்தினாயாம். மேலாளர் "கீழ ஒரே தூசு சார், சட்டை அழுக்காயிடும்" என்றதும் மேலே போகும் பொத்தானை அழுத்தினாயாம். மூன்றாம் மாடியில் சாப்பிட்டாயாம். சாப்பிட்ட பின் கழிப்பறைக்குப் போனாயாம். நீ போவதற்கு முன்னால் ஓடிப்போய்த் துடைத்து, வந்த பின் மறுபடி துடைத்தவள் என்னோடு பேருந்தில் வருகிறவள்தான். "எவ்ளோ நேரம்க்கா உள்ளயே இருந்தாரு!" என்று ஆச்சரியப்பட்டாள். இருக்கட்டும். நீயும் பணியாளன்தானே, பலகை உன் கண்ணில் படவில்லையா?

வீட்டுக்கும் வரவில்லை. நீ ஊருக்கு வந்ததையே அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உனக்காக இல்லை. அவள் வருத்தப்பட்டால் அதைப் பார்க்க வேண்டியவள் நான்.

இன்னும் நேரம் இருக்கிறது, கழிப்பறை இடிபடவில்லை. கேட்க எனக்கே கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். நிறுத்து.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

நீ எழுதியதெல்லாம் உண்மை. நீங்க என்று சொன்னது வாய் தவறி வந்ததில்லை. நீ என்று சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் அப்படி வந்தது. அறைக்குத் திரும்பிய பின் நெடுநேரம் சாப்பிட முடியவில்லை என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

அடித்தளத்தை ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டதாக மேலாளர் படம் அனுப்பியிருக்கிறார். வெள்ளைக் கல், புதுக் குழாய். நன்றாகவே இருக்கிறது. அது வேறு எங்காவது எடுத்த படமாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. கேட்டால் பகைத்துக்கொள்ள வேண்டும், விழாவுக்கு முன் அவரைப் பகைத்துக்கொள்ள என்னால் முடியாது.

இடிப்பதை நிறுத்த முடியவில்லை. ஒப்பந்தக்காரர் இயந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். கொஞ்சம் பொறுத்துக்கொள். விழா நல்லபடியாக முடிந்தால் இந்தப் பகுதி முழுவதற்கும் என்னைப் பொறுப்பாளர் ஆக்குவார்கள். அப்போது யாரையும் கேட்காமல் நானே எல்லாவற்றையும் சரி செய்வேன். இப்போது வாயைத் திறந்தால் இருப்பதும் போகும்.

அம்மாவுக்கு அழைப்புச் சீட்டு வைத்திருக்கிறேன். முன்வரிசை. நல்லதாக உடுத்திக்கொண்டு வரச் சொல். நீ அவளோடு உட்கார வேண்டாம், அன்றைக்கு உனக்கு வேலை நாள். அம்மாவைக் கூட்டி வந்து உட்காரவைக்க ஓர் ஆள் அனுப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 3

தம்பிக்கு,

இடித்துவிட்டார்கள். ஒரு காலை நேரம்தான் பிடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சுவர் விழுந்ததும் உள்ளே இருந்த பீங்கான்கள் வரிசையாக வெயிலில் தெரிந்தன. மணிக்கூண்டு வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அதைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் தன் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், பிறகு எங்கோ போய்விட்டாள்.

அடித்தளப் படத்தைப் பற்றி: பொம்மைகள் அங்கேயேதான் இருக்கின்றன. நேற்று போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உனக்கு வந்த படத்தில் இருப்பது யார் வீட்டுக் கக்கூஸோ.

இப்போது நாங்கள் ஊரின் பெருமைகளை எல்லாம் சுற்றிப் பார்க்கிறோம். நூலகத்துக்குப் போனோம். இரண்டு நாள் விட்டார்கள். மூன்றாம் நாள் பூட்டுப் போட்டு, "புத்தகம் எடுக்கறவங்களுக்கு மட்டும் சாவி" என்றார்கள். நான் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு நின்றேன். "என்ன புத்தகம்மா அது?" என்றார் நூலகர். பார்க்கவே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? நீதிமன்றத்துக்குப் போனோம். வாசலில் இருந்த போலீஸ்காரர் "எந்தக் கேஸு?" என்று கேட்டார். செருப்புக் கடைக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், வாய் மட்டும் குறையவில்லை. "அவசரக் கேஸு சார்" என்றாள். அவர் விடவில்லை. திரையரங்கு வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு வண்டிக்கு நடுவில் ஒருத்தி குந்த, ஒருத்தி துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. படித்துவிட்டாயா? இன்னொரு முறை படி. உன் அக்காவும் குந்தினாள். வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவள், ஒரு காரின் சக்கரத்துக்குப் பின்னால்.

எனக்குக் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவை அனுப்புகிறேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை. வெளிர் மஞ்சள் துணியை எடுத்து இரண்டு முறை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். "அவன் பேசறப்ப நான் கை தட்டலாமா, இல்ல பெத்தவ தட்டக் கூடாதா?" என்று கேட்கிறாள். தட்டு என்று சொன்னேன்.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

ஃபோனைத் திற. தயவு செய்து திற. அம்மாவின் ஃபோனும் அணைத்து வைத்திருக்கிறது.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லப் போவதில்லை. அம்மா எழுந்து பின்னால் போனதைப் பார்த்தேன். நீ அவளைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியதையும் திரும்பி வந்ததையும் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று முதலில் புரியவில்லை, புரிந்தபோது கையில் மைக் இருந்தது. இறங்கி வர ஒரு காலை எடுத்து வைத்தேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வராதே என்று. நீயும் பார்த்திருப்பாய். அதனால்தான் நின்றேன்.

மைக்கில் நான் சொன்னதைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்க வைத்துவிட்டால் உற்றுப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்காகத்தான் சொன்னேன். இதை எழுதும்போதே எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

பலகைகளை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டேன். அடித்தளத்தை மேலாளரோடு நானே நின்று ஒழித்தேன். நீரூற்றில் இறங்கியதற்காக விசில் உன்னை வேலையிலிருந்து நிறுத்தியது செல்லாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், நாளையே வரலாம். பொறுப்பாளர் பதவியும் கொடுத்திருக்கிறார்கள். அதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, அடித்துவிடலாம் என்றால் அடித்தது தெரியும்.

அம்மாவை என்னோடு ஒரு வார்த்தை பேசச் சொல்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

முதலில் நல்ல செய்தி. பலகைகள் போய்விட்டன. அடித்தளத்தில் தண்ணீர் வருகிறது, தாழ்ப்பாள் விழுகிறது, விளக்கு எரிகிறது. செருப்புக் கடைக்காரி பெரிய பாட்டிலில் தண்ணீர் வைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் மடக்கு மடக்காகக் குடிக்கிறாளாம். தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு நல்ல மனுஷன் இருக்கிறார், அவர்தான் செய்தார் என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். அந்த மனுஷன் என் தம்பி என்று நான் சொல்லவில்லை. முன்பு நீ வேண்டாம் என்றதால் சொல்லவில்லை, இப்போது எனக்கே சொல்லக் கூசுகிறது. நான் திரும்பிப் போகப் போவதில்லை. ஊசி முடிந்ததும் வேறு கடை பார்க்கிறேன்.

மேடையிலிருந்து உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். கை தட்டுவதற்காக எங்களைச் சீருடையோடு நாற்காலிகளுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். வெயில். அம்மா என்னைத் தேடி வந்து, "அவசரம்டி, அவன் பேசறதுக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்றாள். வளாகத்தின் மற்ற வாசல்களை விருந்தினர் வருவதால் பூட்டியிருந்தார்கள். சதுக்கத்துப் பக்கத்து வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. காவலாளியிடம் கெஞ்சினேன். "ரிப்பன் வெட்டாம யாரும் உள்ள போக முடியாதும்மா. நானே போக முடியாது" என்றான். ரிப்பனுக்கு அடியில் குனிந்து போகலாம் என்றேன், அம்மாவுக்கு முட்டி மடங்காது. இடித்துவிட்டார்கள் என்று நான் சொல்வதற்குள், சரி வா என்று அவளே என்னை மணிக்கூண்டுக்குப் பின்னால் இழுத்தாள். எத்தனையோ வருஷமாகக் கடைத்தெருவுக்கு வந்தால் அவள் போகிற இடம். அங்கே உன் நீரூற்று. அதைப் பார்த்ததும் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த இடத்திலேயே நின்றபடி போய்விட்டது. வெளிர் மஞ்சளில் எல்லாம் தெரிந்தது. பக்கத்தில் ஒருத்தி குழந்தையைத் தள்ளி நிறுத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள்.

அதனால்தான் நான் அம்மாவைப் பிடித்து நீரூற்றுக்குள் இறக்கினேன். தலையிலிருந்து கால் வரைக்கும் நனைந்துவிட்டால் எது எந்தத் தண்ணீர் என்று யாருக்குத் தெரியப் போகிறது? அவளை நடுவில் நிறுத்தி, நானும் சீருடையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா நடுங்கினாள். அப்போதுதான் உன் குரல் கேட்டது. "பாருங்க, நம்ம நீரூற்று இப்பவே வயசானவங்களையும் சின்னப் பிள்ளையாக்கிடுச்சு!" கூட்டம் சிரித்தது, கை தட்டியது. அம்மாவும் கை தட்டினாள். தண்ணீருக்குள் நின்றுகொண்டு, உன் பேச்சுக்கு.

அவள் உன் மேல் கோபமாக இல்லை. ஃபோன் தண்ணீரில் நனைந்து கெட்டுவிட்டது, அணைத்து வைக்கவில்லை. "பாவம்டி, அத்தனை பேர் முன்னாடி அவன் என்ன பண்ணுவான்? நான்தான் வராதேன்னு தலையாட்டினேன். பதவி குடுத்தாங்களா, கேட்டியா?" என்று என்னையே கேட்கிறாள். கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷப்பட்டாள். அந்தத் துணியை நான் மூன்று முறை அலசிவிட்டேன், அவள் நான்காவது முறை அலசிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டியது உண்மைதான், நானும் பார்த்தேன். அதில் உன் மேல் தப்புச் சொல்ல முடியாது. எழுந்திரு என்றால் நீ எழுந்ததில்லை. மழையில் போகாதே என்றால் போனாய். அப்பா கிடையாகக் கிடந்தபோது ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போடா என்று அவள் எத்தனை பேரிடம் சொல்லி அனுப்பினாள், உனக்கு நினைவிருக்கும். பிறந்ததிலிருந்து அம்மா சொன்னதை நீ உடனே கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

அக்கா